நான் துடைத்தெடுத்த கடல் சத்தம்

கடலுக்கு அடியில் சத்தமே இருக்காது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். பத்தாவது வரை படித்தவன். அதிலும் அறிவியலில் முப்பத்தைந்தைத் தொட்டுவிட்டு ஓடி வந்தவன். தரமணிப் பக்கம் கடல் ஆராய்ச்சி செய்கிற ஓர் அலுவலகத்தில் தற்காலிக டெக்னீஷியனாகச் சேர்ந்த பிறகுதான், தண்ணீருக்குள் மைக் இறக்கிக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பதே எனக்குத் தெரிந்தது. தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. உங்களில் பெரியவள் அப்போது ஒன்றாம் வகுப்பு. சின்னவன் பிறக்கவில்லை. அந்த வேலையில் நான் ஒரு பெரிய தப்பு செய்தேன். அது நல்லபடியாக முடிந்துவிட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் பயந்துகொண்டே படிக்க வேண்டாம்.

தப்பு புரிய வேண்டுமென்றால் என் பழைய தொழில் தெரிய வேண்டும். இந்த வேலைக்கு முன் ஆறு வருஷம் தி.நகரில் ஒரு கேசட் கடையில் பாட்டு பதிவு செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். வருகிறவர்கள் ஒரு தாளில் பாட்டுகளை எழுதிக் கொடுப்பார்கள். நான் பழைய இசைத்தட்டுகளைத் தேடியெடுத்து, ஓடவிட்டு, கேசட்டில் ஏற்றுவேன். பழைய தட்டுகளில் கீறலும் தூசியுமாக இருக்கும். பாட்டுக்குப் பின்னால் படபடவென்று கடுகு வெடிக்கிற மாதிரி ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பார்கள். அதற்காக நானே ஒரு டப்பா செய்தேன். பழைய பிஸ்கட் டின்தான். உள்ளே நாலைந்து சின்னப் பாகங்கள், வெளியே ஒரு திருகு. இரண்டு மெஷினுக்கும் நடுவில் அதை மாட்டித் திருகினால் அந்தப் படபடப்பு போய்விடும். பாட்டு மட்டும் வழுவழுவென்று வரும். மாம்பலத்திலிருந்தும் கே.கே. நகரிலிருந்தும் அந்த டப்பாவுக்காகவே ஆட்கள் வந்தார்கள். கடை கைமாறியபோது முதலாளி, “உன் டப்பாவ நீயே எடுத்துட்டுப் போப்பா” என்றார். வாழ்க்கையில் நான் செய்த ஒரே கண்டுபிடிப்பு அது. துணி சுற்றி எடுத்து வந்தேன்.

அலுவலகத்தில் என் அதிகாரி ஒரு பெண். மயிலாப்பூர் மாட வீதிக்காரர், படித்த படிப்பைச் சொல்ல ஒரு வரி போதாது. நான் மேடம் என்று கூப்பிடுவேன். அவர் அறைச் சுவர் முழுக்க ஒரு வரைபடம். திருவான்மியூரிலிருந்து சாந்தோம் வரைக்கும் கரை, கரையை ஒட்டிய கடல், கடல் முழுக்கச் சதுரக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கடலுக்கு அடியில் எவ்வளவு சத்தம், என்ன சத்தம் என்று அளந்து கலர் பென்சிலால் தீட்ட வேண்டும். படகு மோட்டார் சத்தம் சிவப்பு. உயிருள்ளவை போடும் சத்தம் பச்சை. மோட்டார் சத்தம் ஏற ஏறக் கடலுக்குள் இருக்கும் ஜீவன்களுக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் மேடத்தின் ஆராய்ச்சி.

படகுக்காரர் ஊரூர் குப்பத்துக்காரர். என் வயதுதான் இருக்கும். அப்போதுதான் தன் ஃபைபர் படகுக்கு மோட்டார் மாட்டியிருந்தார். அந்த மோட்டாரைத் துணி போட்டுத் துடைப்பார், நிழலில் வைப்பார், குழந்தை மாதிரி. முதல் நாள் என்னைப் பார்த்ததும், “இன்னா நைனா, மீனுக்குப் பாட்டு போட்டுக் காட்டப் போறியா?” என்றார்.

“இல்லைங்க, மீன் பாடறத நாம கேக்கப் போறோம்.”

“அப்ப துட்டு மீனுக்கில்ல குடுக்கணும்.”

கட்டத்துக்குப் போனதும் மோட்டாரை நிறுத்திவிடுவார். கோயில் கோபுரத்தையும் சர்ச் கோபுரத்தையும் கரையிலிருந்த ஒரு தண்ணீர்த் தொட்டியையும் பார்த்துப் பார்த்து, “இங்கதான்” என்பார். மைக்கை இறக்குவேன். பத்து நிமிஷம் யாரும் அசையக் கூடாது, பேசக் கூடாது, டிபன் டப்பாவைத் திறக்கக் கூடாது. பீடியைப் பற்றவைக்காமல் வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தப் பத்து நிமிஷத்தில் நான் காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்டது என்ன தெரியுமா? படபட, படபட. இடைவிடாமல். அப்படியே பழைய இசைத்தட்டு.

என் மனசில் முதலில் தோன்றியது, கேபிள் கோளாறு. உப்புத் தண்ணீர் உள்ளே போயிருக்கும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். இணைப்பைப் பிரித்து மறுபடி பற்றவைத்தேன். போகவில்லை. மேடத்திடம் கேட்டிருக்கலாம். கேட்டால் இவனுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைப்பாரே என்று கூச்சம். மேடமும் படகில் வருவதில்லை; முதல் வருஷம் வந்து, ஏறினாலே வாந்தி என்று நிறுத்திக்கொண்டவர். அதற்கப்புறம் எனக்கு முன்னால் இருந்த டெக்னீஷியன்தான் போனார். அவர் வேறு வேலை கிடைத்துப் போன இடத்துக்குத்தான் நான் வந்தேன்.

கடலில் பதிவு செய்த கேசட்டை அப்படியே மேடத்திடம் கொடுப்பதில்லை. அலுவலகத்தில் ஒரு நகல் எடுத்து, அந்த நகலைத்தான் அளக்கும் மெஷினில் போடுவார்கள். நகல் எடுக்கிற வேலை என்னுடையது. இரண்டு மெஷின், நடுவில் ஒரு ஒயர். எனக்கு நன்றாகப் பழகின வேலை. ஒரு நாள் வீட்டிலிருந்து என் டப்பாவைக் கொண்டுபோய் நடுவில் மாட்டினேன். திருகினேன். படபடப்பு நின்றது. அலை சத்தமும், தூரத்துப் படகு மோட்டார் சத்தமும் தெளிவாக, அழகாக வந்தன. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அன்றைக்கு வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம், “அவ்வளவு பெரிய ஆபீஸ்ல இல்லாத சாமான் நம்மகிட்ட இருக்கு” என்றேன்.

“சொன்னீங்களா அவங்ககிட்ட?” என்றாள்.

“எதுக்கு? வேலையில தெரியட்டும்.”

எட்டு மாசம் அப்படியே ஓடியது. நடுவில் ஒரு தடவை மேடம் கூப்பிட்டு, “மெஷின்ல, கேபிள்ல எதையாவது மாத்தினேளா?” என்று கேட்டார். நான் மாற்றியதாகவே எனக்குத் தோன்றவில்லை. அழுக்கைத் துடைத்தால் மாற்றியதாகுமா? “இல்ல மேடம். கனெக்டர துடைச்சேன், அவ்வளவுதான்” என்றேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், புது வரைபடத்தைச் சுவரில் குத்த என்னைக் கூப்பிட்டார். போன வருஷ வரைபடத்துக்குப் பக்கத்திலேயே இந்த வருஷத்தது. நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஊசி குத்திக்கொண்டிருந்தேன். போன வருஷத்தது முழுக்கப் பச்சை. இந்த வருஷத்ததில் பச்சை தேட வேண்டியிருந்தது. அடையாறு முகத்துவாரத்தை ஒட்டிய ஆறு கட்டங்களில் சுத்தமாக இல்லை, சிவப்பு மட்டும்.

“என்ன மேடம் இது, பச்சையே காணோம்?” என்றேன்.

“போயிடுத்து” என்றார். “ஒரே வருஷத்துல. அங்கே மோட்டார் படகு ரெட்டிப்பாயிருக்கு பாருங்கோ. நான் நினைச்சதைவிட மோசம்.”

“பச்சைன்னா என்ன மேடம்? மீன் சத்தமா?”

“மீனும் உண்டு. ஆனா முக்கியமா ஒரு சின்ன இறால். விரல் நீளம்தான். ஒரு கொடுக்கு மட்டும் பெரிசா இருக்கும். அதை டப்புன்னு மூடினா வெடி மாதிரி சத்தம் வரும். ஆயிரக்கணக்குல சேர்ந்து போடறப்போ கேட்டிருக்கேளா?” போன வருஷ நகல் ஒன்றை எடுத்து மெஷினில் போட்டார்.

படபட, படபட.

நான் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கட்டைவிரலில் குத்தியதுகூடக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

மேடம் பேசிக்கொண்டே இருந்தார். திங்கட்கிழமை அறிக்கை மேலிடத்துக்குப் போகிறது. முகத்துவாரத்தை ஒட்டிய அந்த இடத்தில் மோட்டார் படகே ஓடக் கூடாது என்று சிபாரிசு எழுதியிருக்கிறார். அந்த இடம்தான் நம் படகுக்காரர் தினமும் கடலில் இறங்குகிற இடம். மோட்டார் இல்லாமல் அவர் அங்கிருந்து எப்படிப் போவார்? குப்பம் முழுக்க எப்படிப் போகும்?

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மீதி ஊசிகளையும் குத்திவிட்டு வெளியே வந்தேன். தற்காலிக வேலை, ஒரு வார்த்தையில் போய்விடும். இன்னொன்றும் சொல்கிறேன், சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஒருவேளை அந்த இறால்கள் நிஜமாகவே போயிருக்கக் கூடாதா என்று மனசு ஆசைப்பட்டது. போயிருந்தால் என் டப்பா தப்பித்துவிடும் அல்லவா?

ஆனால் கடலில் ஹெட்போனில் கேட்ட காது என்னுடையதுதானே. எட்டு மாசமும் கேட்டேனே. அன்று சாயந்திரம் உங்கள் அம்மா வைத்த தோசையை அப்படியே வைத்துவிட்டேன். கேட்டாள், சொன்னேன்.

“அந்த டப்பாவையா மாட்டினீங்க?” என்றாள். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. “வேலை போனா போகுது. கேசட் கடை இல்லாமலா போச்சு ஊர்ல. அந்தப் படகுக்காரரு அன்னைக்கு நம்ம பாப்பாவுக்கு நண்டு குடுத்து அனுப்பினாரே, அவரு மூஞ்சிய எப்படிப் பாப்பீங்க?”

சனிக்கிழமை விடிந்ததும் முதலில் குப்பத்துக்குத்தான் போனேன். படகுக்காரர் வலையை உதறிக்கொண்டிருந்தார். முகத்துவாரப் பக்கம் ஒரு தடவை கூட்டிப்போகச் சொன்னேன். மைக் இல்லை, மெஷின் இல்லை, எல்லாம் அலுவலகத்தில் பூட்டியிருந்தது.

“வெறுங்கையோட வந்து இன்னாத்த கேப்ப?” என்றார். ஆனாலும் கூட்டிப்போனார். அங்கே போனதும் மோட்டாரை நிறுத்தி, துடுப்பை எடுத்துத் தண்ணீருக்குள் நட்ட மாதிரி இறக்கி, அதன் மேல் முனையைத் தன் காதில் வைத்துக்கொண்டார். மீன் இருக்கிறதா என்று அவர்கள் அப்படித்தான் கேட்பார்களாம். இவ்வளவு மாசம் கூடவே வந்தும் எனக்குத் தெரியாது. நான்தான் பத்து நிமிஷமும் ஹெட்போனுக்குள் இருந்தேனே. “இந்தா, நீயும் கேளு” என்று என்னிடம் கொடுத்தார்.

மரத்துக்குள்ளிருந்து வந்தது. எண்ணெயில் ஏதோ பொரிகிற மாதிரி. மெல்லிசாக, ஆனால் நிற்காமல்.

“இது எப்பவும் இருக்குமா?”

“பொரிஞ்சிக்கினேதான் கீது. எங்க பூடும் அது? இன்னாத்துக்கு உன் மூஞ்சி பேயறைஞ்சா மாதிரி கீது?”

சொன்னேன். டப்பா, கேசட், வரைபடம், திங்கட்கிழமை, எல்லாவற்றையும். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கேட்டார். கடைசியில், “அதாவது, நீ பிஸ்கோத்து டப்பாவ மாட்டினதுக்கு என் மோட்டார கழட்டணும்னு எழுதிக்கிறாங்க?” என்றார்.

“ஆமாங்க.”

“நல்லா படிச்ச ஆபீஸுபா.” சிரித்தாரா, கோபமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மோட்டார் கயிற்றை ஓங்கி இழுத்தார். கரையில் இறங்கியதும், “மைலாப்பூருக்கு பஸ்ஸு அந்தாண்ட. நேரா போ. நடுவுல டீ கீ குடிக்க நின்ன, நான் பின்னாலயே வருவேன்” என்றார்.

மேடத்தின் வீடு எனக்குத் தெரியும். ஒரு தடவை ஃபைல் கொடுக்கப் போயிருக்கிறேன். குளத்தைச் சுற்றிக்கொண்டு போகும்போது என்ன சொல்வது, எதை முதலில் சொல்வது என்று நாலு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மேடம் கையில் காபி டம்ளரோடு கதவைத் திறந்தார்.

“என்ன, ஆத்துக்கே வந்துட்டேள்? உடம்பு கிடம்பு சரியில்லையா?”

நான் யோசித்து வைத்திருந்த நாலு விதமும் மறந்துவிட்டது. “மேடம், இறால் எங்கேயும் போகல. நான்தான் துடைச்சிட்டேன்” என்றேன்.

உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைக்கவே இல்லை. காபி ஆறி ஏடு படிந்துவிட்டது. நான் முடித்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“கடல்ல எடுத்த ஒரிஜினல் கேசட் எல்லாம் அழிச்சாச்சா? அதுலேயே திரும்பத் திரும்பப் பதிவு பண்ணணும்னுதானே ஆபீஸ் வழக்கம்?”

“அழிக்கல மேடம். கடையில வாடிக்கைக்காரர் கொடுத்த ஒரிஜினல்ல கை வைக்கவே மாட்டோம். பழக்கம். ஸ்டோர்ல சண்டை போட்டுப் புதுசு வாங்கிட்டேன். அலமாரியில இருக்கு.” மிச்சத்தையும் சொன்னேன். “கடைசி மாசம் மட்டும் ஸ்டோர்ல கேசட் இல்லன்னுட்டாங்க. பழைய கேசட் மேலயே பதிவு பண்ணினேன், அதுல ஆறு கட்டம் போயிடுச்சு. முகத்துவாரம் பக்கம்.”

மேடம் கண்ணை மூடிக்கொண்டார். வேலையை விட்டு அனுப்பப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். கண்ணைத் திறந்து, “நான் எப்படிப்பட்ட முட்டாள்” என்றார். “எட்டு மாசமா எண்களைப் பார்த்துண்டிருந்தேனே தவிர, ஒரு தடவை காதுல வச்சுக் கேட்கலையே. படகுல ஏறினா வாந்தி வரதுன்னு ஆபீஸ்ல உட்கார்ந்துண்டு, உங்களை மட்டும் என்ன சொல்றது.” உள்ளே போய் டெலிபோனில் யாரிடமோ அறிக்கை திங்கட்கிழமை வராது என்று சொன்னார். காரணம் கேட்டிருப்பார்கள் போல. “எங்க அளவுல ஒரு தப்பு” என்றார். எங்க என்றுதான் சொன்னார், அவன் என்று சொல்லவில்லை. எனக்கு அது போதும் என்று இருந்தது.

அடுத்த இரண்டு வாரமும் டப்பா இல்லாமல் எல்லா நகலையும் மறுபடி எடுத்தேன். கட்டம் கட்டமாகப் பச்சை திரும்பி வந்தது. மேடம் தீட்டத் தீட்ட, பென்சில் சீவிக் கொடுப்பதுகூட எனக்குத் திருவிழா மாதிரி இருந்தது. அந்த ஆறு கட்டங்கள் மட்டும் வெள்ளையாக நின்றன. அதற்கு மறுபடி கடலுக்குத்தான் போக வேண்டும்.

மேடமும் வந்தார். கையில் ஒரு எலுமிச்சம்பழம், முகத்தில் பயம். படகுக்காரர் அவரைக் கைபிடித்து ஏற்றி, “கீழ பாக்காதம்மா, கரைய பாரு. வந்தா வரட்டும், கடல் ஒண்ணும் சொல்லாது” என்றார். முதல் கட்டத்துக்கு முன்பே ஒரு தடவை வந்தது. ஆனால் மைக்கை இறக்கியதும் ஹெட்போனை என்னிடமிருந்து வாங்கி மாட்டிக்கொண்டார். பத்து நிமிஷம். அசையவில்லை. ஐந்து கட்டத்திலும் அந்தப் பொரிகிற சத்தம் இருந்தது. ஆறாவதில், வெயில் தாழ்ந்த பிறகு, அதற்கு மேலே வேறொரு சத்தம் கேட்டது. கொர், கொர் என்று அடித்தொண்டையில்.

“கத்தாழை மீனு” என்றார் படகுக்காரர், துடுப்பில் காதை வைத்துக்கொண்டு. “ஜோடி சேர்ற சீசனு. அதான் இந்த உறுமல்.”

அந்த நேரம் தூரத்தில் வேறொரு படகு மோட்டாரோடு போனது. கொர் கொர் நின்றுவிட்டது. படகு போன பிறகும் ரொம்ப நேரம் வரவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டேன். மறுபடி ஒன்று, அப்புறம் இரண்டு, அப்புறம் எல்லாம். அடுத்த நாலு நாளும் அதே இடத்துக்குப் போனோம். ஒவ்வொரு தடவையும் அப்படியே. மேடம் எதிர்பார்த்த கெடுதல் கொஞ்சம் இருக்கத்தான் செய்தது, பிள்ளைகளே. மோட்டார் இறாலைத் துரத்தவில்லை, கத்தாழையின் வாயைத்தான் அடைத்தது. அதையும் என் டப்பா மறைத்திருக்குமா என்று மேடத்திடம் கேட்டேன். “இது தடித்த குரல், உங்க டப்பா இதைத் தொடாது. ஆனா நீங்க ரெண்டு பேரும் எப்பவும் காலங்கார்த்தால போனேள். சாயங்காலம் யாரும் கேட்கவே இல்லை” என்றார்.

டப்பாவை அவர் வாங்கித் தன் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டார். என் வேலை போகவில்லை. ஆனால் ஒரு புது நோட்டு கொடுத்து, எந்த ஒயரைத் தொட்டாலும் அதில் எழுத வேண்டும் என்றார். எழுதினேன். அந்த வேலையில் இருந்தவரைக்கும் எழுதினேன்.

அறிக்கை போவதற்கு முந்தின நாள், சிபாரிசு எழுதிய பக்கத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். படகுக்காரர் மோட்டாரைப் படகில் மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

“இன்னா எழுதிக்கீது? படி.”

ஆங்கிலத்தில் இருந்தது. எனக்குத் தெரிந்த அளவுக்குத் தமிழில் சொன்னேன். மோட்டாருக்குத் தடை இல்லை. கத்தாழை சேர்கிற சீசனில் மட்டும், சாயந்திரம், முகத்துவாரத்தைத் தாண்டுகிற வரைக்கும் துடுப்புப் போட்டுப் போனால் நல்லது.

“அவ்ளோதானா?”

“அவ்வளவுதான்.”

“முகத்துவாரம் தாண்டுற வரைக்கும்னா, அது இன்னா பெர்சா? மோட்டார் வாங்கறதுக்கு முன்னால அதத்தான பண்ணிக்கினு இருந்தோம்.” மறுபடி மோட்டாரின் திருகை இறுக்கினார். “நீயும் வந்து ஒரு துடுப்பு போடுவியா?”

“எனக்குத் தெரியாதே.”

“தெரியாததெல்லாம் செய்யற ஆளாச்சே நீ.”

இரண்டு பேரும் சிரித்தோம். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். அவர் கயிற்றை இழுத்தார். மோட்டார் கிளம்பி, கரையே அதிர ஒரு சத்தம் போட்டது. காதை அடைக்கிற சத்தம்தான். நான் நகரவில்லை, படகு அலையைத் தாண்டிச் சின்னதாகிற வரைக்கும் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு, அன்று தோசையை அப்படியே வைத்துவிட்டவனுக்குப் பசி வந்தது.